திருகாணிகளைத் தொடலாம்

தம் கையாலேயே தொலைநோக்கி ஒன்றைச் செய்து முடித்த மாணவர்களிடம் காண்போர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மடங்கு பெரிதாய்க் காட்டும்?" என்பதே. அடுத்த கேள்வி, "ஆடியை நீங்களே தேய்த்தீர்களா, விலைக்கு வாங்கினீர்களா?" என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. "அந்த ஆடியை எதன்மேல் அமர்த்தினீர்கள்? எவ்வாறு நேராக்கினீர்கள்?" இதைக் கேட்டவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. கண்காட்சிக்கு வந்த நடுவர்கள்கூடக் கேட்டதில்லை. ஆனால் விண்மீன் நம் கண்ணுக்குக் கூரிய புள்ளியாகத் தெரிவதும், வால் முளைத்த புழுவாகத் தெரிவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

நான் சொல்ல வருவன இரண்டு. ஆடியைத் தேய்ப்பதற்கு நாம் தரும் மதிப்பில் பாதியையேனும் அதை அமர்த்துவதற்கும் நேராக்குவதற்கும் தர வேண்டும் என்பது ஒன்று. கல்லூரித் தொலைநோக்கிகளின் பின்புறத் திருகாணிகளை மாணவர் தொடலாகாது என்று வழங்கிவரும் எழுதாச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைப் படித்துத் தலையசைப்பவர் பலர் இருப்பர். இரண்டாவதைப் படித்து ஆய்வகப் பொறுப்பாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தமிழும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்காகச் சில வரிகள். நியூட்டன் 1668-ஆம் ஆண்டில் செய்த தொலைநோக்கியின் அமைப்பே இன்றும் வீட்டில் செய்வோர் கைக்கொள்ளும் அமைப்பு. ஒரு நீண்ட குழாய். அதன் அடியில் வானத்தை நோக்கிய குழியாடி. வானிலிருந்து வரும் ஒளியை அது குவித்து மேலே அனுப்பும். குழாயின் வாயருகே 45 பாகை சாய்ந்து நிற்கும் ஒரு சிறிய தட்டையாடி அவ்வொளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கே கண்ணருகு வில்லையை வைத்துப் பார்க்கிறோம். நியூட்டனின் ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் விட்டம். நம்முடையது கண்ணாடி, முகத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு. மற்றபடி அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் சேர்ந்து 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட ஆடி ஒன்றைத் தேய்த்தோம். கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, கண்ணாடிமேல் கண்ணாடியை வைத்து, மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து தேய்க்கும் வேலை அது. அதைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வோம். அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 70 நானோமீட்டர் வரையில் ஆடியின் பரப்பு சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது கேட்பவர் வாயைப் பிளப்பார். நமக்கும் பெருமையாக இருக்கும். இத்தனை நுட்பமான பொருளை அதன்பின் என்ன செய்கிறோம்? ஒரு பலகையில் வைத்து மூன்று தகரப் பட்டைகளால் இறுக்கிக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறோம்! ஆறு மாதம் பாடுபட்டு நெய்த பட்டுப் புடவையை அரை நிமிடத்தில் சுருட்டி மூட்டைக்குள் திணிப்பது போன்றதே இது.

கண்ணாடி கெட்டியான பொருள் என்று எண்ணுகிறோம். தொட்டுப் பார்க்கும் விரலுக்கு அது கெட்டிதான். எழுபது நானோமீட்டர்க் கணக்கில் அது ரப்பரைப் போன்றது. தன் எடையாலேயே தொய்யும்; விரலால் அழுத்தினால் வளையும்; ஒரு பக்கம் சூடேறினால் உப்பும். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள எங்கள் ஆடியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ நூறு கிராம். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தடிமன் இருப்பதால் இதற்கு மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்தாலே போதும். ஆனால் தொய்வு விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பப் பெருகும். தடிமனின் இருபடிக்கு ஏற்பக் குறையும். அதாவது தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இருமடங்காக்கினால் தொய்வு 16 மடங்கு ஆகும். இதனால்தான் பெரிய ஆடிகளுக்கு 9 இடங்களிலும் 18 இடங்களிலும் தாங்கல் தருகிறார்கள். அதற்கும் ஓர் அழகிய வழி உண்டு. மூன்று புள்ளிகளுக்கு ஒரு முக்கோணத் தகடு. அத்தகடு தன் நடுவில் ஒரே முனையில் அசைந்து நிற்கும். எந்தப் புள்ளியில் பாரம் கூடினாலும் தகடு தானே சாய்ந்து மற்ற இரண்டுக்கும் பங்கிட்டுவிடும். பொறியியல் என்று சொல்கிறோம், தராசுத் தத்துவந்தான்.

ஆடி அமரும் இந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் 'செல்' என்பார்கள். நான் தொட்டில் என்பேன். குழந்தையைத் தொட்டிலில் கட்டிப்போடுவதில்லை, படுக்க வைக்கிறோம். விழாமலிருந்தால் போதும். ஆடிக்கும் அவ்வளவே வேண்டும். எங்கள் தொட்டில் இரண்டு ப்ளைவுட் தட்டுகளால் ஆனது. கீழ்த்தட்டு குழாயோடு பொருந்தியது. மேல்தட்டின்மேல் மூன்று சிறிய தக்கைத் துண்டுகள், அவற்றின்மேல் ஆடி. இரண்டு தட்டுகளையும் 120 பாகை இடைவெளியில் மூன்று 6 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இணைக்கின்றன. போல்ட்டுகளைச் சுற்றிப் பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஸ்பிரிங்குகள். வெளியே விங் நட்டுகள். நட்டை முடுக்கினால் அந்தப் பக்கம் தட்டு இறங்கும். தளர்த்தினால் ஸ்பிரிங் தள்ளி ஏறும். மரவேலைக் கூலி நீங்கலாகச் செலவு மிகச் சிறிது. கீழ்த்தட்டின் நடுவே பெரிய வட்டமாக வெட்டி எடுத்துவிட்டோம். காற்றுப் புகுந்து ஆடி விரைவில் குளிர வேண்டுமல்லவா?

தாங்கல் புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில் பழைய நூல்களுக்கும் புதிய கணக்குகளுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஆரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத் தொலைவில் வை என்பது பழைய விதி. அந்த வட்டத்துக்கு உள்ளே பாதிப் பரப்பு, வெளியே பாதிப் பரப்பு என்னும் நியாயம் அதற்கு உண்டு. கணிப்பொறியில் தொய்வைக் கணக்கிட்டவர்கள், மூன்று புள்ளித் தாங்கலுக்கு 40 சதவீதத்தை ஒட்டிய இடமே சிறந்தது என்கிறார்கள். எங்களுடையது போன்ற சிறிய, தடித்த ஆடிக்கு இரண்டும் போதும். ஆனால் நியாயம் கேட்கும்போது பொருத்தமாகத் தோன்றிய விதி கணக்குப் போட்டால் பிசகுகிறது என்பது வகுப்பில் விவாதிக்கத் தக்க செய்தி. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை, போகட்டும்.

தாங்கலை விடக் கெடுதி செய்வது பிடி. ஆடி முன்னே விழாதிருக்க விளிம்பில் மூன்று பிடிகள் வைப்போம். அவை ஆடியைத் தொடவே கூடாது. ஒரு முகவரி அட்டையின் தடிமன் அளவுக்கு இடைவெளி வேண்டும். பக்கவாட்டிலும் அப்படியே. ஆடியைச் சுற்றி இறுக்கமான அலுமினிய வளையம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சமவெளியில் 35 பாகை வெப்பத்தில் இறுக்கிய வளையத்தை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்று 15 பாகையில் வானம் பார்த்தால் என்ன ஆகும்? அலுமினியம் 0.07 மில்லிமீட்டர் சுருங்கும்; சாதாரணக் கண்ணாடி 0.03 மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. மிச்சமுள்ள 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு வளையம் ஆடியைப் பிழியும். ஒளியின் அலைநீளத்தைப் போல் 70 மடங்குக்கும் மேற்பட்ட அளவு அது. அதன்பின் "மலைக்குப் போயும் காட்சி தெளிவாக இல்லையே" என்று மலையை நொந்துகொள்வதில் பயனில்லை.

கல்லூரிகளுக்கிடையே நடந்த அறிவியல் கண்காட்சி ஒன்றில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நல்ல வேலைப்பாடு அமைந்த தொலைநோக்கி, பளபளக்கும் வண்ணம், பித்தளைப் பெயர்ப்பலகை. மாலையில் ஒரு பிரகாசமான விண்மீனுக்குத் திருப்பினார்கள். குவியத்திலிருந்து சற்று விலக்கியபோது வட்டமாகத் தெரிய வேண்டிய ஒளித்தட்டு முக்கோணமாகத் தெரிந்தது! மூன்று பிடிகள் மூன்று பக்கமும் ஆடியை நெரித்துக்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பிடிகளைச் சற்றுத் தளர்த்தலாமா என்று கேட்டேன். உடன் வந்த மாணவர் பதறிப்போய்க் குழாயின் அடிப்பக்கத்தைக் காட்டினார். திருகாணிகள் மூன்றின் தலையிலும் அரக்கு வைத்து முத்திரையிட்டிருந்தார்கள். "தொட்டால் ஐயா திட்டுவார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஐயாவையும் குறை சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள் கெட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! ஆனால் அந்தத் தொலைநோக்கி வழியாக அன்று வரிசையில் நின்று பார்த்த சிறுவர் சிறுமியர் அனைவரும் ஒரு முக்கோணத்தைப் பார்த்துவிட்டு, விண்மீன் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று வீட்டுக்குப் போனார்கள். தணிக்கையில் இடம்பெறாத இழப்பு இது.

அமர்த்துதல் முடிந்தது. இனி நேராக்குதல். காலிமேஷன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவதை அச்சுச் சீரமைப்பு என்று சொல்லலாம். இயற்பியல் மாணவருக்கு இந்தச் சொல் புதிதன்று. நிறமாலைமானியில் காலிமேட்டர் என்னும் குழாயை நாள்தோறும் கையாள்கிறோம். முப்பட்டக மேசையின் கீழுள்ள மூன்று திருகாணிகளைத் திருகிச் சமன் செய்துவிட்டுத்தான் அளவெடுக்கத் தொடங்குகிறோம். செய்முறைத் தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. முப்பட்டகத்தின் மூன்று திருகாணிகளை முதலாண்டு மாணவர் கையில் தயங்காமல் தருபவர்கள், தொலைநோக்கியின் மூன்று திருகாணிகளுக்கு அரக்கு வைப்பானேன்?

பரவளைய ஆடிக்கு ஓர் ஒளியச்சு உண்டு. அந்த அச்சின்மேல் மட்டுமே பிம்பம் மாசற்றது. அச்சை விட்டு விலக விலக, புள்ளி ஒரு பக்கம் விசிறிபோல் விரிந்து வால்மீனைப் போலாகும். கோமா என்னும் பிறழ்ச்சி இது. இந்தப் பழுது தெரியாத நடுவட்டம் எவ்வளவு பெரியது என்பது குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்து வரும் விகிதத்தைப் பொறுத்தது. அதுவும் அதன் மும்மடியைப் பொறுத்தது. விகிதம் 8 ஆனால் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். 5 ஆனால் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. 4 ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. குழாய் குட்டையாக இருக்க வேண்டும், பஸ்ஸில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஆசைப்படுவோர் இந்த எண்களைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது விங் நட்டைக் கால் சுற்றுத் திருகுவோம். 6 மில்லிமீட்டர் போல்ட்டில் மரையிடைத் தூரம் 1 மில்லிமீட்டர். ஆகவே தட்டு கால் மில்லிமீட்டர் நகரும். திருகாணிகள் நடுவிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், மற்ற இரண்டு திருகாணிகளை இணைக்கும் கோட்டிலிருந்து இத்திருகாணி 90 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும். 90-க்குக் கால் என்றால் சாய்வு ஏறத்தாழ 0.16 பாகை. ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 1200 மில்லிமீட்டர் தொலைவில் உள்ள குவியத்தில் ஒளியச்சு 3.3 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். விண்மீனின் பிம்பமோ அதற்கு இருமடங்கு ஓடும். ஆடி சாய்ந்த கோணத்துக்கு இருமடங்கு ஒளிக்கதிர் திரும்பும் என்பதைக் கால்வனாமீட்டரின் விளக்கும் அளவுகோலும் நமக்கு முன்பே காட்டியிருக்கின்றனவே. எங்கள் ஆடியின் மாசற்ற வட்டத்துக்கு ஆரம் ஐந்தரை மில்லிமீட்டர், எனவே 3.3 மில்லிமீட்டர்ப் பிசகு பொறுத்துக்கொள்ளத் தக்கது. இதே கால் சுற்று, விகிதம் 5 உள்ள 150 மில்லிமீட்டர் ஆடியில் அச்சை 2 மில்லிமீட்டர் நகர்த்தும். அங்கே வட்டத்தின் ஆரம் ஒன்றரைக்கும் குறைவு. கால் சுற்றில் காட்சி கெட்டது!

வகுப்பறையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடம் ஆகும். திருகாணியைத் திருகி, விண்மீனுக்கு வால் முளைப்பதையும் வால் மறைவதையும் கண்ணால் பார்த்தவனுக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. நான் கேட்பது இந்த ஐந்து நிமிடத்தையும் அந்தத் திருகலையும் ஒன்றாக வைக்க வேண்டும் என்பதே.

வேலை கடினமானதும் அன்று. ஆடியின் சரியான நடுவில் சிறிய வட்டம் ஒன்றை ஒட்ட வேண்டும். கோப்புத் தாள்களின் துளை கிழியாமலிருக்க ஒட்டும் வளையம் எழுதுபொருள் கடையில் கிடைக்கும். அது மிகப் பொருத்தம். நடுவில் ஒட்டினால் ஒளி குறையாதா என்று எங்களிடம் கேட்டார்கள். அந்த இடம் தட்டையாடியின் நிழலில் இருப்பது. அது எப்படியும் பயன்படுவதில்லை. பிறகு கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, நடுவில் சிறு துளையிட்ட மூடி ஒன்றைப் பொருத்த வேண்டும். முன்பெல்லாம் புகைப்படச் சுருள் வரும் பிளாஸ்டிக் டப்பி இதற்கென்றே செய்தது போல் பொருந்துமாம். இப்போது அந்தச் சுருள்களும் இல்லை, டப்பிகளும் அரிது. நாங்கள் ஒரு மாத்திரை டப்பியின் மூடியைக் கொண்டு முடித்துக்கொண்டோம்.

துளை வழியே பார்க்க வேண்டும். முதலில் தட்டையாடி வட்டமாகத் தெரிய வேண்டும். குழாயின் நடுவில் இருக்க வேண்டும். அடுத்து அதற்குள் குழியாடி முழுமையாகத் தெரிய வேண்டும். மூன்று பிடிகளும் தெரிந்தால் சரி. இதற்குத் தட்டையாடியின் திருகாணிகள். கடைசியாகக் குழியாடியின் திருகாணிகளைத் திருக, நாம் பார்க்கும் துளையின் பிம்பம் ஒட்டிய வளையத்துக்குள் வந்து உட்கார வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. கீழே தொடங்கி மேலே வந்தால் மீண்டும் கீழே போக வேண்டியிருக்கும். இணையத்தில் இதற்கென லேசர்க் கருவிகள் விற்கிறார்கள். வேண்டாம் என்பேன். அந்த லேசரே நேராக இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். மாத்திரை டப்பி மூடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதில் ஒரு சுவையான இடைஞ்சல் உண்டு. கண் வைக்கும் இடம் மேலே. திருகாணிகள் 1200 மில்லிமீட்டர் கீழே. ஒருவன் கை எட்டாது. ஆகவே ஒருவன் பார்க்க, ஒருவன் திருக வேண்டும். "கொஞ்சம் இடப்பக்கம்" என்றால் யாருடைய இடப்பக்கம்? ஆடியில் தெரியும் இடமா, குழாயின் இடமா? எங்கள் குழுவில் திருகியவன் தமிழ் இலக்கியம் பயிலும் நண்பன். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தவன், "உங்கள் இடமும் வலமும் எனக்கு வேண்டாம், திருகாணிகளுக்குப் பெயர் வை" என்றான். மூவேந்தர் பெயரைச் சூட்டினோம். "சேரனைக் கால் சுற்று முடுக்கு, பாண்டியனைத் தளர்த்து" என்று இருட்டில் குரல் கேட்டு, விடுதிக் காவலர் டார்ச் விளக்கோடு ஓடி வந்த கதையும் உண்டு. இயற்பியல் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாகத் தனியாகவே அளவெடுத்துத் தனியாகவே எழுதிப் பழகிய எனக்கு, ஒருவர் கண்ணும் மற்றவர் கையும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தது புதுமையாக இருந்தது. பிற துறை மாணவர்களை ஆய்வகத்துக்குள் அழைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பகலில் செய்தது தோராயம். இறுதித் தீர்ப்பு விண்மீனிடம். 150 அல்லது 200 மடங்கு பெருக்கத்தில் ஒரு விண்மீனைக் காட்சியின் நடுவில் வைத்துக் குவியத்தை மிகச் சிறிதே விலக்கினால், வட்டத்துக்குள் வட்டமாக ஒளி வளையங்கள் தோன்றும். அவை ஒருமையமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் மீண்டும் சேரனையும் சோழனையும் அழைக்க வேண்டியதே. மேனாட்டு நூல்கள் துருவ விண்மீனைப் பார் என்று எளிதாகச் சொல்லிவிடும். அது நகராது அல்லவா! நமக்கு அந்த வசதி இல்லை. துருவ விண்மீனின் உயரம் நாம் இருக்கும் ஊரின் அகலாங்கு. சென்னையில் அது 13 பாகை. மதுரையில் 10 பாகை. தொடுவானத்துப் புழுதியிலும் தெருவிளக்கிலும் அது கிடந்து துடிக்கும். ஆகவே தலைக்கு மேலுள்ள விண்மீன் ஒன்றைப் பிடித்து, அது நகர நகரக் குழாயை நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டும். சித்திரையில் சுவாதி, மார்கழியில் ரோகிணி என்று வைத்துக்கொள்ளலாம். சீரமைப்பு முடிந்த இரவில் புனர்பூசத்தின் காஸ்டரைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்று, நேரான ஆடிக்கு இரண்டு, இடையே ஏறத்தாழ 5 விகலை. எங்கள் ஆடியின் பிரித்தறியும் திறன் ஒரு விகலையை ஒட்டியது. ஆகவே இரண்டும் தனித்தனியே, இடையில் கரிய வானத்தோடு தெரியும். கோணலான ஆடியில் அதே காஸ்டர் ஒரு நீளப் பொட்டு.

இது சிறுபிள்ளை வேலை என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனது. மொத்த அகலம் ஆறரை மீட்டர். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதைச் சப்தரிஷி மண்டலத்திலுள்ள ஒரே ஒரு விண்மீனை நோக்கித் திருப்பியபோது, பிம்பத்தில் 18 விண்மீன்கள் சிதறித் தெரிந்தன. ஒவ்வோர் ஆடியும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அறிவியலார் செய்தது என்ன? எந்த ஆடியை அசைத்தால் எந்தப் புள்ளி நகர்கிறது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, 18 புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இயந்திரங்கள் நானோமீட்டர்க் கணக்கில் நகர்த்தின, மாதக்கணக்கில் நடந்தது. செயலின் இயல்பு ஒன்றுதான். பல்லாயிரம் கோடி ரூபாய்க் கருவிக்கும் "தொட்டு, பார்த்து, மீண்டும் தொடு" என்பதே வழியாக இருந்தது. அங்கே யாரும் அரக்கு வைக்கவில்லை.

மறுகோடியில் ஜான் டாப்சன் இருக்கிறார். 1915-இல் பீக்கிங்கில் பிறந்து, 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண இயக்கத்தைச் சார்ந்த வேதாந்த மடத்தில் சேர்ந்தவர். கப்பல் சாளரத்துக் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாய், ப்ளைவுட் பெட்டி, பின்பலகையில் மூன்று போல்ட்டுகள்: தொட்டில் முடிந்தது. 1967-இல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர், அடுத்த ஆண்டு முதல் நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரை எல்லாம் அழைத்துச் சனியின் வளையத்தைக் காட்டினார். 2014-இல் மறையும் வரை அதுவே அவர் தொழில். அவர் கருவிகளில் அழகு பார்க்க முடியாது. ஆனால் எந்தப் போல்ட்டையும் யாரும் திருகலாம்.

நம் மாநிலத்திலேயே, சவ்வாது மலைக் காவலூரில் 1986-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதன் ஆடி பெங்களூரில் தேய்க்கப்பட்டது. கருவி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், அங்கே முதலில் நின்ற 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் நம்மவர் பட்டறையில் செய்ததே. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தயங்கியவர்களால் இவை நடந்திருக்குமா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். "மாணவர் கெடுத்துவிடுவார்கள்" என்பது முதல் மறுப்பு. திருகாணியைத் திருகுவதால் ஆடி கெடாது. நேர் தவறும், அவ்வளவே. அரை மணி நேரத்தில் மீட்டுவிடலாம். ஆடியைக் கெடுப்பது துணி. தூசி படிந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு கைக்குட்டையால் துடைப்பவரே ஆடியின் பகைவர். அலுமினியப் பூச்சு கீறினால் மீளாது. முத்திரை வைக்க வேண்டுமானால் கைக்குட்டைக்கு வையுங்கள்!

"ஒருமுறை சரி செய்து பூட்டிவிட்டால் போதாதா?" என்பது அடுத்தது. போதாது. குழாயைத் தூக்கி மாடிப்படி ஏறினாலே ஸ்பிரிங்குகள் அசையும். ப்ளைவுட் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். வீணையை ஒருமுறை சுருதி சேர்த்துவிட்டு ஆண்டு முழுவதும் வாசிப்பவர் உண்டா?

"நேரம் இல்லை, பாடத்திட்டம் இருக்கிறது" என்பதற்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. பருவத் தேர்வு முறையில் மூச்சு விட நேரமில்லை என்பதை விரிவுரையாளர்களைப் போலவே நாங்களும் அறிவோம். ஆயினும் இரண்டாம் ஆண்டு ஒளியியல் செய்முறையில் ஒரே ஒரு வகுப்பைக் கேட்கிறேன். நிறமாலைமானியில் பத்துச் சோதனைகள் செய்கிறோம். ஒன்பது செய்துவிட்டு, பத்தாவது நாள் தொலைநோக்கியை மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, வேண்டுமென்றே மூன்று திருகாணிகளையும் கலைத்துவிட்டு, இருவர் இருவராக மீண்டும் நேராக்கச் சொல்லலாம். கால் சுற்றுக்குப் பிம்பம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணும் போடலாம்.

பதிவேட்டுக் கவலைக்கும் ஒரு வழி சொல்கிறேன். தொலைநோக்கியோடு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டி வைக்கட்டும். திருகியவர் பெயர், நாள், எந்தத் திருகாணி, எத்தனை சுற்று, எந்த விண்மீனில் சோதித்தார் என்று ஒரு வரி. எங்கள் துறைத் தலைவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "முதலில் உங்கள் தொலைநோக்கிக்கு வையுங்கள், பார்ப்போம்" என்றார். வைத்திருக்கிறோம். இதுவரை இருபத்து மூன்று வரிகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்பது இயற்பியல் மாணவர் அல்லாதார் எழுதியவை. தொலைநோக்கி இரண்டாம் மாடியில், பொருளியல் துறைக்கு எதிர் அறையில் இருக்கிறது. ஸ்பேனரும் மாத்திரை டப்பி மூடியும் குழாயிலேயே நூலால் கட்டப்பட்டிருக்கின்றன.